உங்களுக்குத் தெரியுமா? ஸ்டோரிபோர்டில் பிறக்கும் அனிமேஷன் படம்

இறுதியாண்டு அனிமேஷன் ப்ராஜெக்ட் தொடங்கப் போகிற மாணவர்களுக்கும், ராத்திரி பகலாக நம் பிள்ளை அப்படி என்னதான் வரைகிறது என்று வியக்கும் வீட்டாருக்கும் இந்த வாரத் துணுக்குகள். படத்தின் தலையெழுத்து, கணினியைத் திறப்பதற்கு முன்பே பென்சிலில் எழுதப்பட்டுவிடுகிறது. எப்படி என்று பாருங்கள்.

சுவரில் தொடங்கிய வழக்கம்

● காட்சிகளைத் தனித்தனித் தாளில் வரைந்து பலகையில் வரிசையாகக் குத்தி வைக்கும் வழக்கம், 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவில் உருவானது. அங்கே கதைப் பிரிவில் இருந்த வெப் ஸ்மித்துக்கு இந்த யோசனையின் பெருமை தரப்படுகிறது. நோட்டுப் புத்தகத்தில் வரைந்துவிட்டால் காட்சியை இடம் மாற்ற முடியாது. தனித்தாள் என்றால் குண்டூசியைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்தினால் போதும், கதையே மாறிவிடும். இன்றுவரை ஸ்டோரிபோர்டின் பலம் இந்த ஒன்றுதான்.

● 1933-ல் வந்த ‘த்ரீ லிட்டில் பிக்ஸ்’, முழுவதும் ஸ்டோரிபோர்டு போட்டு எடுத்த முதல் கார்ட்டூன்களில் ஒன்று என்று சொல்வார்கள். ஆறே ஆண்டுகளில் நடிகர்கள் நடிக்கும் படங்களுக்கும் இந்த முறை போய்ச் சேர்ந்தது. 1939-ல் வெளியான ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்குக் காட்சி காட்சியாக வரைந்து திட்டமிட்டவர் வில்லியம் கேமரன் மென்சீஸ்.

● ‘ஸ்னோ ஒயிட்’ (1937) படத்தில் குள்ளர்கள் சத்தம் போட்டு சூப் குடிக்கும் ஒரு காட்சி இருந்தது. இளம் அனிமேட்டர் வார்ட் கிம்பால் அதை வெகுநாள் உழைத்துப் பென்சிலில் அசைய வைத்தார். கதையின் வேகத்தைத் தடுக்கிறது என்று வால்ட் டிஸ்னி மொத்தக் காட்சியையும் எடுத்துவிட்டார். பெரிய ஸ்டூடியோ அந்த இழப்பைத் தாங்கும். ஒரு செமஸ்டர் தாங்காது. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து முன்கூட்டியே கேளுங்கள்: இதை எடுத்துவிட்டால் கதை புரியாமல் போகுமா? புரியும் என்றால் எடுத்துவிடுங்கள்.

● 1993 நவம்பரில் ‘டாய் ஸ்டோரி’ படத்தின் ஸ்டோரிபோர்டு ஓவியங்களைக் குரலோடு கோத்து டிஸ்னி நிறுவனத்தாருக்குப் போட்டுக் காட்டியது பிக்ஸார். நாயகன் வுட்டி யாருக்கும் பிடிக்காத கொடூரனாகத் தெரிந்தான். தயாரிப்பு வேலை நின்றது. கதைக்குழு மறுபடி உட்கார்ந்து வுட்டியின் குணத்தை மாற்றி எழுதியது. 1995-ல் திரைக்கு வந்த அந்தப் படம்தான் உலகின் முதல் முழுநீளக் கணினி அனிமேஷன் திரைப்படம். தவறு கோட்டோவியத்திலேயே பிடிபட்டதால் பிழைத்த படம் அது.

● பிக்ஸாரின் ‘எ பக்ஸ் லைஃப்’ படத்துக்கு வரைந்த ஸ்டோரிபோர்டு கட்டங்கள் 27 ஆயிரத்துக்கு மேல். ‘ஃபைண்டிங் நீமோ’வுக்கு 43 ஆயிரத்துக்கு மேல். ‘வால்-ஈ’க்கு ஏறக்குறைய 98 ஆயிரம். அனுபவம் கூடக்கூட அவர்கள் வரைந்து பார்ப்பதும் கூடியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

● சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவார்கள். ஆக விநாடிக்கு 12 ஓவியம், ஒரு நிமிடத்துக்கு 720. நாளொன்றுக்குப் பத்து ஓவியம் திருத்தமாக முடிக்கும் மாணவருக்கு அந்த ஒரு நிமிடமே 72 நாள் வேலை. அதுவும் திரையில் ஒரே ஒரு கேரக்டர் இருந்தால்! இரண்டு பேர் அசைந்தால் இரட்டிப்பு. வண்ணம் பூசுவது தனி. ‘ஐந்து நிமிடப் படம் எடுக்கிறேன்’ என்று சொல்லும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

● ஒரு ஷாட் சராசரியாக 4 விநாடி என்று வைத்தால் ஒரு நிமிடப் படத்தில் 15 ஷாட் வரும். ஷாட் ஒன்றுக்கு இரண்டு மூன்று கட்டம் தேவைப்படும். ஆக மொத்தம் 30 முதல் 45 கட்டம். அறைச் சுவரில் ஒரே பார்வையில் அடங்கிவிடும் அளவு இது. முழுப்படத்தையும் நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிகிற இந்த வாய்ப்பு முழுநீளப் படக்காரர்களுக்குக் கிடையாது.

● எத்தனை இடங்களில் கதை நடக்கிறதோ அத்தனை பேக்ரவுண்ட் வரைய வேண்டும். பேருந்து நிலையம், சந்தை, கடற்கரை, வீடு என்று நான்கு இடம் வைத்த கதையை வீட்டுத் திண்ணை ஒன்றிலேயே நடத்த முடியுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் முடியும். கதையும் இறுகும்.

● வின்சர் மெக்கே 1914-ல் ‘கெர்ட்டி தி டைனோசர்’ படத்துக்கு ஆயிரக்கணக்கான ஓவியங்கள் வரைந்தார். ஒவ்வொரு தாளிலும் பின்னணிக் காட்சியைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துக் கொடுத்தவர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ், ஓர் ஓவிய மாணவர். அசையாத பின்னணியை ஒருமுறை மட்டும் வரைந்து, கேரக்டரை ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து மேலே வைக்கும் முறைக்கு எர்ல் ஹர்ட் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததும் அதே 1914-ன் கடைசியில்தான். இன்று மென்பொருளில் நீங்கள் போடும் ஒவ்வொரு லேயரும் அந்த வழியில் வந்தது.

● முக்கியமான நிலைகளை முதலில் வரைந்துவிட்டு இடையிலுள்ளவற்றைப் பிறகு நிரப்பும் முறையையும் மெக்கே கையாண்டார். புள்ளி வைத்துவிட்டு இழை இழுக்கிற கோலம் மாதிரி. நல்ல ஸ்டோரிபோர்டில் இந்த முக்கிய நிலைகள் ஏற்கெனவே இருக்கும். அனிமேஷன் செய்ய உட்காரும்போது பாதி யோசனை முடிந்திருக்கும்.

கட்டம் போடும்போது

● முதல் வரைவை அஞ்சல் தலை அளவில் போடுவது தொழில்முறைக் கலைஞர்களின் பழக்கம். தம்ப்நெயில் என்பார்கள். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு போதும். பெரிதாக, அழகாக வரைந்த கட்டத்தைக் கிழித்துப் போட மனசு வராது. சின்னக் கிறுக்கலைத் தயங்காமல் தூக்கிப் போடலாம்.

● வரையத் தொடங்கும் முன் கட்டத்தின் அளவை முடிவு செய்யுங்கள். டிவிக்கு 16:9. கைப்பேசியில் நிமிர்த்திப் பார்க்கும் படத்துக்கு 9:16. பாதியில் மாற்றினால் எல்லாக் கட்டத்திலும் ஆட்கள் நிற்கும் இடமே மாறிப்போகும்.

● இருவர் எதிரெதிரே நின்று பேசினால் இருவரையும் இணைக்கும் ஒரு கற்பனைக் கோடு உண்டு. கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கம் நிற்க வேண்டும். தாண்டினால் இடப்பக்கம் நின்றவர் திடீரென்று வலப்பக்கம் போய்விடுவார். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். 180 டிகிரி விதி என்பது இதுதான். ஸ்டோரிபோர்டைச் சுவரில் ஒட்டிவிட்டால் இந்தப் பிழை தானாகவே கண்ணில் படும்.

● அம்புக்குறிகள் ஸ்டோரிபோர்டின் தனி மொழி. கேரக்டர் நகர்கிறது என்றால் அதன் அருகில் அம்பு. கேமரா நெருங்குகிறது என்றால் கட்டத்துக்குள் ஒரு சின்னச் செவ்வகம், மூலைகளிலிருந்து அதை நோக்கி அம்புகள். இரண்டுக்கும் இரண்டு நிறம் வைத்துக்கொண்டால் குழுவில் யாருக்கும் குழப்பம் வராது.

● கேரக்டரை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலுருவத்தை மட்டும் பார்த்து ‘குடம் தூக்குகிறாள்’, ‘அழுகிறான்’ என்று சொல்ல முடிந்தால் அந்த நிலை சரி. கை உடம்புக்குள் மறைந்துபோனால் கோணத்தை மாற்ற வேண்டும்.

● ஒவ்வொரு கட்டத்தின் கீழும் நான்கு குறிப்பு அவசியம்: ஷாட் எண், விநாடி, வசனம், ஒலி. ஷாட்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் போடாமல் 10, 20, 30 என்று போடுவது பல ஸ்டூடியோக்களின் வழக்கம். பின்னால் இடையில் ஒரு ஷாட் சேர்க்க நேர்ந்தால் 15 என்று கொடுத்துவிடலாம். மற்ற கோப்புகளின் பெயர்களை மாற்றவே வேண்டாம்.

● எத்தனை விநாடி என்று உட்கார்ந்த இடத்தில் ஊகிக்காதீர்கள். எழுந்து நடித்துப் பாருங்கள். நண்பரிடம் கைப்பேசியைக் கொடுத்து ஸ்டாப்வாட்ச் பிடிக்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்து, உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று உடம்பே சொல்லிவிடும்.

● நம் சினிமாவில் படப்பிடிப்பு முடிந்தபின் டப்பிங் பேசுவது நெடுநாள் வழக்கம். வசனம் உள்ள அனிமேஷனில் வரிசை பொதுவாகத் தலைகீழ்: முதலில் குரல், பிறகுதான் அசைவு. பதிவான குரலைக் கேட்டு, எந்த ஃப்ரேமில் எந்த எழுத்தின் ஒலி விழுகிறது என்று எக்ஸ்-ஷீட் என்ற ஃப்ரேம் அட்டவணையில் குறித்து, அதற்கேற்ப உதடுகளை வரைவார்கள். முதல் வரைவுக்கு உங்கள் சொந்தக் குரலே போதும்.

● அனிமேட்டிக் என்பது ஸ்டோரிபோர்டு கட்டங்களைச் சரியான நேர அளவில், ஒலியோடு ஓடவிடும் வரைவுப் படம். இதைக் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஓடும்போது வாயைத் திறந்து விளக்கம் சொல்லாதீர்கள். முடிந்ததும் ‘என்ன நடந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் கதையும் நீங்கள் நினைத்த கதையும் எங்கே பிரிகிறதோ அங்கேதான் ஒரு கட்டம் குறைகிறது.

மாணவர் மேசையிலிருந்து

● உலகப் புகழ்பெற்ற அனிமேஷன் கேரக்டர்களான வாலஸ், குரோமிட் இருவரும் ஒரு மாணவர் ப்ராஜெக்டில் பிறந்தவர்கள். பிரிட்டனின் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் படிக்கும்போது 1982-ல் நிக் பார்க் ‘எ கிராண்ட் டே அவுட்’ படத்தைத் தொடங்கினார். நிலாவில் பல கேரக்டர்கள், துரித உணவுக் கடை என்று கதை பெரிதாக இருந்தது. நாட்கள் ஓடின, படம் நகரவில்லை. 1985-ல் ஆர்ட்மேன் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து, அவர்கள் உதவியோடு 1989-ல் முடித்தார். நிலாவாசிகளில் மிஞ்சியது அடுப்பு வடிவ இயந்திரம் ஒன்றுதான். குரோமிட்டுக்கு வாய் வைத்துப் பேசவைக்கும் எண்ணமும் இருந்தது. புருவத்தை அசைத்தாலே எல்லா உணர்ச்சியும் வருகிறது என்று கண்டதும் அதையும் விட்டுவிட்டார். குறைத்தது எல்லாமே படத்துக்கு நன்மையாக முடிந்தது. அந்தப் படமும் அவருடைய ‘கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்’ படமும் 1991-ல் ஒரே ஆஸ்கர் மேடைக்குப் பரிந்துரைக்கப்பட்டன. விருது இரண்டாவதற்குக் கிடைத்தது.

● ‘பாம்பி மீட்ஸ் காட்ஸில்லா’ (1969) மார்வ் நியூலேண்ட் லாஸ் ஏஞ்சலஸில் மாணவராக இருந்தபோது எடுத்தது. மொத்தம் ஒன்றரை நிமிடம். ஒரு மான் புல் மேய்கிறது. பெயர்ப் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கிறது. திடீரென்று ஒரு ராட்சதக் கால் வந்து மிதிக்கிறது. அவ்வளவுதான். மிகச் சில ஓவியங்கள், ஒரே கோணம், ஒரே ஒரு நிகழ்வு. அரை நூற்றாண்டு தாண்டியும் உலகம் பார்த்துச் சிரிக்கிறது.

● கால் ஆர்ட்ஸ் கல்லூரி மாணவராக இருந்தபோது ஜான் லாசெட்டர், ‘லேடி அண்ட் தி லேம்ப்’, ‘நைட்மேர்’ ஆகிய படங்களுக்காக 1979, 1980 என இரண்டு ஆண்டு தொடர்ந்து மாணவர் ஆஸ்கர் வாங்கினார். பின்னாளில் மேசை விளக்கு ஒன்றை அசைத்துப் பார்த்த சோதனைக் காட்சியை பெல்ஜிய அனிமேஷன் இயக்குநர் ரவுல் செர்வேயிடம் காட்டினார். எவ்வளவு சிறிய படமானாலும் தொடக்கம், நடு, முடிவு வேண்டும் என்றார் செர்வே. சோதனைக் காட்சி கதையானது. 1986-ல் வந்த ‘லக்ஸோ ஜூனியர்’ அதுதான்: இரண்டு நிமிடம், இரண்டு விளக்கு, இரண்டு பந்து. கேமரா இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

● பிக்ஸார் படங்களில் வண்டி எண்ணாகவும் கதவு எண்ணாகவும் ‘ஏ113’ அடிக்கடி வரும். அது கால் ஆர்ட்ஸில் அனிமேஷன் மாணவர்கள் பயன்படுத்திய வகுப்பறையின் எண்.

● பாரிஸின் கோபெலான் பள்ளி மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து எடுக்கும் மிகச் சிறிய படங்கள்தான், அன்னெசி அனிமேஷன் விழாவின் திரையிடல்களுக்கு முன்னால் ஓடுகின்றன. 1960-ல் தொடங்கிய விழா அது. உலகின் தேர்ந்த கலைஞர்கள் கூடும் அரங்கில் முதலில் கைதட்டு வாங்குவது மாணவர்கள்.

● கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 2003 முதல் ‘ஹாட்ஹவுஸ்’ என்ற பயிற்சியை நடத்துகிறது. 12 வாரம், ஒரு நிமிடப் படம். திறமையுள்ள இளைஞர்களுக்கே ஒரு நிமிடத்துக்கு மூன்று மாதம் ஒதுக்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில்

● இந்தியாவில் பிறந்து, டிஸ்னியில் ‘ஸ்னோ ஒயிட்’, ‘பாம்பி’ படங்களில் வேலை செய்தவர் கிளேர் வீக்ஸ். 1956-ல் மும்பையில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி தர வந்தார். அவரிடம் தொழில் கற்ற இளைஞர்தான் பின்னர் இந்திய அனிமேஷனின் தந்தை என்று போற்றப்பட்டு, 2014-ல் பத்மஸ்ரீ பெற்ற ராம் மோகன். 1980களில் வீக்ஸ் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவன மாணவர்களுக்கும் பாடம் எடுத்தார்.

● சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’ படத்துக்கு (1955) வழக்கமான திரைக்கதைப் புத்தகம் எழுதவில்லை. காட்சிகளை மையால் வரைந்து, பக்கத்தில் குறிப்பெழுதி, அந்தப் படப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பாளர்களைப் பார்க்கப் போனார். அவர் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்தவர். கையில் பணமில்லாத அறிமுக இயக்குநருக்கு அந்த ஓவியங்கள்தான் முதலீடு.

● சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் இந்தக் கலையைக் கற்க விரும்பும் பிள்ளைகள் விசாரித்துப் பாருங்கள்.

விதியைத் தாண்டியவர்கள்

● ஹயாவோ மியாசாகி முழு ஸ்டோரிபோர்டும் முடியும் முன்பே அனிமேஷன் வேலையைத் தொடங்கிவிடுவார். ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) அப்படித்தான் நடந்தது. நடுவழியில், நினைத்த கதைப்படி போனால் படம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்து கதையைச் சுருக்கினார். அனுபவசாலியையே திண்டாட வைத்த பாதை இது; முதல் படத்தில் வேண்டாம்.

● 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாத்வியப் படம் ‘ஃப்ளோ’. இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இதற்கு ஸ்டோரிபோர்டு வரையவில்லை. பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண இடத்தை அமைத்து, உள்ளே கேமராவை நகர்த்தி, நேராக அனிமேட்டிக் உருவாக்கினார். அவர் விட்டது தாளை மட்டும்தான், திட்டமிடலை விடவில்லை.

செலவில்லாமல் தொடங்க

● பிளெண்டர், கிரிட்டா, ஓபன்டூன்ஸ், ஸ்டோரிபோர்டர் ஆகிய நான்கும் இலவசம். கிரிட்டாவில் 5.0 பதிப்பிலிருந்து ஸ்டோரிபோர்டு வசதி உள்ளேயே இருக்கிறது. ஓபன்டூன்ஸ், ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய மென்பொருளின் வழி வந்தது. 2016-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஒட்டுத்தாள் கட்டும் ஒரு பென்சிலும் போதும்.

● 16 வாரச் செமஸ்டருக்கு ஒரு கணக்கு: கதைக்கு 2 வாரம், ஸ்டோரிபோர்டுக்கு 2, அனிமேட்டிக்குக்கு 1, கேரக்டர் வடிவமைப்புக்கு 1, அனிமேஷனுக்கு 6, பேக்ரவுண்டுக்கும் வண்ணத்துக்கும் 2, ஒலிக்கு 1. மீதி ஒரு வாரத்தைத் தொடாமல் வையுங்கள்; மின்தடையும் காய்ச்சலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

● கோப்புகளின் பெயரில் ‘இறுதி’, ‘கடைசி இறுதி’ என்றெல்லாம் போடாதீர்கள். ஷாட் எண்ணும் பதிப்பு எண்ணும் மட்டும் போதும். தினமும் வேறொரு வட்டில் ஒரு பிரதி எடுங்கள்.

● குழுவாக எடுப்பவர்கள், யார் எந்த ஷாட் என்று ஸ்டோரிபோர்டின் மேலேயே பெயர் எழுதி ஒட்டுங்கள். முடிந்த ஷாட்டுக்குப் பச்சைப் புள்ளி, நடப்பதற்கு மஞ்சள், தொடாததற்குச் சிவப்பு. யார் பின்தங்கினார் என்று சண்டை போட வேண்டியதில்லை. எங்கே கை கொடுக்க வேண்டும் என்று சுவரே காட்டிவிடும்.

மாணவ நண்பர்களே, பாதியில் நின்ற பத்து நிமிடப் படத்தை எந்த விழாவும் திரையிடாது; முடித்த ஒரு நிமிடப் படத்துக்கு உலகெங்கும் இடமுண்டு. கதையைச் சுருக்குங்கள், கட்டங்களைச் சுவரில் ஒட்டுங்கள், நாலு பேரிடம் காட்டுங்கள், திருத்துங்கள். அதன்பின் அனிமேஷனில் கை வையுங்கள். எடுத்த படத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருங்கள்.